தீவகத்தின் பூட்டிய வீடுகளும் வீடற்ற முதுமையும்

(தீவகத்திலே நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில், சட்டத்தரணியும் அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீவகத்தின் குறைகள் யாவை என்று எவரேனும் வினவினால் நாம் உடனே விரல் மடித்து எண்ணத் தொடங்குகின்றோம். குடிநீர், படகு, இறங்குதுறை, வீதி, வைத்தியர், ஆசிரியர் என்று அக்கணக்கு நீண்டு செல்கின்றது. அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றுக்காகவும் நாம் மனு எழுதியிருக்கின்றோம். செயலகங்களின் விறாந்தைகளிற் காத்திருந்திருக்கின்றோம். ஆயினும் அந்தக் கணக்கிலே ஒருநாளும் சேர்க்கப்படாத குறை ஒன்றுண்டு. முதுமையடைந்தவரும் வலுவிழந்தோரும் தாம் பிறந்த தீவிலேயே, திறப்பைத் தம் கையில் வைத்துக்கொண்டு, வேண்டிய வேளையில் ஒருவரின் துணையும் கிடைக்க, தம்மால் இயன்ற செலவில் வாழத்தக்க சிறு வீடு இல்லை என்பதே அக்குறை. இது ஏன் கணக்கிற் சேரவில்லை? கூட்டத்துக்கு நடந்துவர இயலாதவரின் தேவை கூட்டத்திற் பேசப்படுவதில்லை. காரணம் அவ்வளவுதான். இன்று அதனை மட்டுமே பேசுவதென்று வந்திருக்கின்றோம்.

இலங்கையில் அறுபது வயதை எட்டியோர் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012 ஆம் ஆண்டில் அத்தொகை 12.4 ஆயிற்று. அதே 2012 மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதோ ஒன்றிற் சிரமமுடையோர் என்று பதியப்பட்டனர். இவை முழு நாட்டுக்குமான எண்கள். தீவகத்தின் நிலை இதனினும் கடியது என்பதை அறியக் கணக்கெடுப்பு வேண்டியதில்லை. குறிகட்டுவான் துறையிலே காலைப் படகிலிருந்து இறங்குவோரின் தலைமயிரைப் பார்த்தாற் போதும்.

வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் யுத்தத்தால் எழும்பிப்போன கதையை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். வந்தோரின் பிள்ளைகளும் பின்னர் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் புறப்பட்டனர். எஞ்சி நிற்பவர்கள் பெற்றோர். அவர்களோடு எஞ்சி நிற்பவை வீடுகள்.

அந்த வீடுகளைச் சற்றுப் பாருங்கள். வேலணையிலிருந்து தாம்போதியைக் கடந்து புங்குடுதீவுக்குச் செல்லும் வழியெங்கும் கூரையற்ற வீடுகள் நிற்கின்றன. கொழும்பிலே கடை வைத்து உழைத்த முதலாளிமார் ஒரு காலத்திற் கட்டிய நாற்சார் வீடுகள். மண்டபத்துள் வடலி வளர்கின்றது. சுவரிலே ஆலங்கன்று வேரோடியிருக்கின்றது. இவை ஒருவகை. மற்றொரு வகை, புதிதாகத் திருத்தி வர்ணம் பூசி, இரும்புப் படலைக்குப் பூட்டுப் போட்ட வீடுகள். கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு உரிமையாளர் வரும்போது இரண்டு கிழமை திறந்திருக்கும். ஆண்டின் மிகுதி ஐம்பது கிழமையும் பூட்டியிருக்கும். அவ்வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையிலே, தகரக் கொட்டிலொன்றில், கால் வீங்கிய மூதாட்டியொருவர் பகல் முழுவதும் பாயிற் கிடப்பார். தண்ணீர் பவுசர் வரும் நாளில் வாளியைத் தூக்கிவர ஆளில்லாமல் அயல் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருப்பார். பூட்டிய வீட்டை ஒரு பிரச்சினையாகவும் மூதாட்டியை மற்றொரு பிரச்சினையாகவும் இதுவரை நாம் பார்த்து வந்தோம். இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

சட்டம் என்ன சொல்கின்றது?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு இரண்டு கடமைகளை விதிக்கின்றது. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்பது பிள்ளைகளின் கடமை. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட, ஆதரவற்ற முதியோருக்குத் தகுந்த வதிவிட வசதியை வழங்குதல் அரசின் கடமை. முதற் கடமையைப் பற்றி முதியோர் தினத்து மேடைகளிலே கண்ணீர் மல்கப் பேசுவோர் உளர். இரண்டாவது கடமையைப் பற்றிப் பேசுவோரை நாம் அதிகம் கண்டதில்லை. சட்டத்திலே கடமை என்று எழுதியதை நடைமுறையிலே கருணை என்று மாற்றிவிட்டார்கள்.

‘தகுந்த’ என்ற சொல்லை நாம் இலகுவிற் கடந்து போகலாகாது. யாழ்ப்பாணத்தில் அரச முதியோர் இல்லம் கைதடியில் இருக்கின்றது. அவ்வில்லம் ஆற்றும் பணியைக் குறைகூற நாம் வரவில்லை. ஆதரவற்ற எத்தனையோ பேருக்கு அது அடைக்கலம். ஆனால் நெடுந்தீவிலுள்ள ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் யாழ்ப்பாணம் சேர்ந்து, அங்கிருந்து நாவற்குழி தாண்டிக் கைதடிக்குப் போக வேண்டும். போனால் திரும்புவது அரிது. அவரைப் பார்க்க வரும் சகோதரிக்கு ஒரு முழு நாளும் ஒரு கிழமைச் செலவும் வேண்டும். தன் பவளக்கல் மதிலையும் தன் பனையையும் தன் கோயில் மணியையும் விட்டு, அறிந்த முகம் ஒன்றுமில்லாத மண்டபத்திலே கட்டிலொன்று பெறுவது அவருக்குத் தகுந்த வதிவிடமா? 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதைத் தெரியும் உரிமை அவர்களுக்கும் பிறரைப் போலவே உண்டு என்கின்றது. கடலால் ஊரைப் பிரித்து வைத்துவிட்டுத் தெரிவுரிமை கொடுத்தோம் என்பது நியாயமாகாது.

நம் அரசியலமைப்பிலே வீடு இல்லையா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. இருக்கின்றது. போதிய உணவு, உடை, வீடு உட்பட்ட வாழ்க்கைத் தரத்தை எல்லாக் குடிகளுக்கும் உறுதி செய்வது அரசின் நோக்கம் என்று 27 ஆம் உறுப்புரை சொல்கின்றது. அதைக் கொண்டு நீதிமன்றம் போக முடியாது என்று 29 ஆம் உறுப்புரை சொல்கின்றது. ஒன்று வீட்டைக் கொடுக்கின்றது. மற்றையது திறப்பை எடுத்துக்கொள்கின்றது. ஆகவேதான் மேற்சொன்ன 15 ஆம் பிரிவை நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

‘பிள்ளைகள் காசு அனுப்புகின்றார்கள்; அரசாங்கமும் கொடுக்கின்றது; பிறகென்ன?’ என்று கேட்போருக்கும் ஒரு சொல். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே வறிய முதியோருக்கான கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவாகவும், வலுவிழந்தோருக்கானது 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நல்லது, வரவேற்கின்றோம். ஆனால் காசு கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளாது. இரவிலே விழுந்தவரைத் தூக்கி இருத்தாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மருந்தை வாங்கும்; மருந்தை வேளைக்குக் கொடுக்க வீட்டிலே ஒரு கை வேண்டும். வீடும் துணையும் சேர்ந்தாலன்றிக் கொடுப்பனவு முழுப் பயனைத் தராது.

யுத்தத்தின் பின் வீடுகள் கட்டப்படவில்லை என்றும் நாம் சொல்லவில்லை. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான குடும்பங்களுக்குக் கூரை தந்தது. 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபா கொடை. பயனாளி தாமே மேசனைப் பிடித்து, சீமெந்து வாங்கி, வேலையை மேற்பார்த்துக் கட்ட வேண்டும் என்பதே பெரும்பாலும் அதன் முறை. உடல் வலுவுள்ள குடும்பத்துக்கு அது சாலச் சிறந்த முறை. கொந்தராத்துக்காரனின் கையிலே மக்களை விடாத முறை. எழுபத்தைந்து வயதிலே தனித்திருப்பவர் எந்த மேசனை மேற்பார்ப்பார்? படகிலே சீமெந்தும் மணலும் ஏற்றி இறக்கும் கூலியை எப்படிப் பேசித் தீர்ப்பார்? பணம் கட்டங்கட்டமாக வரும். ஒரு கட்டம் முடியாவிடின் அடுத்த கட்டம் வராது. எங்கும் முன்வாசலில் மூன்று படி வைத்துக் கட்டுவதும், மலகூடத்தை வளவின் கோடியிற் கட்டுவதும் நம் வழக்கம். மழைக்கால இரவிலே ஊன்றுகோலோடு அந்தக் கோடிக்கு நடப்பது என்னவென்பதை வீட்டுப் படம் வரைந்தவர் எண்ணியிருக்க மாட்டார்.

வலுவிழந்தோர் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டு பிறந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றின்படி அமைய வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. பொதுக் கட்டடத்தில் ஏறுவதற்குச் சாய்தளம் வேண்டும் என்பது சட்டமாயிற்று. சொந்த வீட்டிலிருந்து இறங்குவதற்கு? வீட்டிலிருந்து இறங்க முடியாதவர் பிரதேச செயலகத்தின் சாய்தளத்திலே எவ்வாறு ஏறுவார்?

வாய்மொழியும் உறுதியும்

இனி நம் தொழிலோடு ஒட்டிய பகுதிக்கு வருகின்றோம். இதனைக் கவனமாகக் கேட்கும்படி தாய்மார்களைச் சிறப்பாக வேண்டுகின்றோம்.

பூட்டிய வீடுகள் எல்லாம் வெறுமையானவை அல்ல. பலவற்றின் பின்கட்டிலே, அல்லது வளவின் மூலைக் கொட்டிலிலே, வீட்டைப் பார்க்கவென்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வயது போனவர், தூரத்து உறவினர், கணவனை இழந்தவர். ‘மாமி, நீங்கள் சாகுமட்டும் இஞ்சை இருங்கோ’ என்று உரிமையாளர் விமான நிலையத்துக்குப் போகுமுன் சொல்லியிருப்பார். மனதாரச் சொன்ன வாக்குத்தான். ஆனால் உரிமையாளர் இறப்பார். வீடு பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் அந்த மாமியைக் கண்டும் இரார். தரகரொருவர் விலை பேசுவார். ஒருநாட் காலையிலே மாமிக்குச் சட்டத்தரணியின் அறிவித்தல் வரும். அக்கடிதத்தோடு நம் போன்றோரிடம் அவர் வரும்போது நாம் கேட்கும் முதற் கேள்வி, எழுத்தில் ஏதும் உண்டா என்பது. இல்லை என்பார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியில் ஓர் உரித்து நொத்தாரிசின் முன் எழுதப்பட்ட உறுதியாலன்றிப் பிறவாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதுவே விதி. இருபது ஆண்டு அவ்வீட்டுக்கு விளக்கேற்றியவரானாலும், சட்டத்தின் கண்ணிலே அவர் உரிமையாளரின் அனுமதியால் இருப்பவர். அனுமதி எடுக்கப்பட்டால் எழும்ப வேண்டியவர்.

உரிமையாளரின் பக்கத்தையும் சொல்லாவிடின் நாம் அரை வழக்கையே பேசியவராவோம். அவருக்கும் அச்சம் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு மாறாகப் பத்து ஆண்டு இடையூறின்றி ஆண்டவர் ஆட்சியுரித்துக் கோரலாம். யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்தோருக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு காப்பளித்தது உண்மை. அச்சத்தை அது போக்கவில்லை. ‘ஆளை இருத்தினால் வீடு போய்விடும்’ என்று ரொறன்ரோவில் இருப்பவர் எண்ணுகின்றார், ஆகவே பூட்டுகின்றார். பூட்டிய வீட்டிலே கறையான் குடியேறுகின்றது. கறையானும் ஆட்சியுரித்துக் கோருவதில்லைத்தான். ஆனால் பத்து ஆண்டிலே வளையையும் நிலையையும் தின்று தீர்க்கின்றது.

எழுப்பிவிடுவார்கள் என்று முதியவர் அஞ்சுகின்றார். எழும்ப மாட்டார்கள் என்று உரிமையாளர் அஞ்சுகின்றார். இரண்டு அச்சத்துக்கும் மருந்து ஒன்றே: எழுதிப் பதிந்த உறுதி. உரிமையாளரின் உரித்தை ஏற்றுக்கொண்டு, அவரின் அனுமதியோடு, குறித்த காலக் குத்தகையிலே இருப்பவரின் இருப்பு, அந்த அனுமதி நிற்குமட்டும் உரிமையாளருக்கு மாறான ஆட்சி ஆகாது. ஆகவே உறுதி எழுதுவதால் உரிமையாளர் எதையும் இழப்பதில்லை. எழுதாமல் விடுவதிலேதான் இருவருக்கும் ஆபத்து.

இவ்விடத்திலே முதியோருக்கு ஓர் எச்சரிக்கை. பராமரிப்போம் என்ற சொல்லை நம்பிச் சொந்த வீட்டையே நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுப்போர் நம்மிடையே பலர். எழுதித்தான் ஆகவேண்டுமாயின் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்து எழுதுங்கள். நம் முன்னோர் சீதன உறுதியிலே அதனைக் கவனமாகச் செய்து வந்தனர்; சீதன வீட்டிலே மகளும் மருமகனும் இருந்தாலும் தாயின் அறை தாயுடையது. ஒதுக்காமற் கொடுத்துவிட்டுப் பின் வருந்துவோருக்கு வழியே இல்லையென்று சொல்லவில்லை. மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் காரணமாக மீளப்பெறுவதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டும். எண்பது வயதிலே பெற்ற பிள்ளைக்கு எதிராக யார் ஏறுவார்?

நாம் கேட்பது என்ன?

வெளிநாட்டிலுள்ள நம் உறவினரிடம் நாம் வீட்டைத் தானமாகக் கேட்கவில்லை. இருபது ஆண்டுக் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்கின்றோம். குத்தகையைப் பெறுவது தனியாள் அல்ல. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழே எழுதப்படும் ஒரு தருமசாதனம். அது வீட்டைத் திருத்தும், கூரை போடும், படியை இடித்துச் சாய்தளம் அமைக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அதனிற் குறைந்தால் சக்கர நாற்காலி ஏறாது. மலகூடம் அறையோடு சேர்ந்திருக்க வேண்டும். பிடித்தெழச் சுவரிற் கம்பி வேண்டும். மழைநீர்த் தாங்கி வேண்டும். ஒரு நாற்சார் வீட்டிலே நாலைந்து பேர் தனித்தனி அறையும் தனித்தனித் திறப்புமாக வாழலாம். நாலு பரப்பு வெறுங்காணி கிடைத்தால் ஆறு சிறு வீடுகளும் நடுவிலே ஒரு பொதுச் சமையற்கூடமும் கட்டலாம். இடம் தெரியும்போது வைத்தியசாலைக்கும் வீதிக்கும் கிட்டத் தெரிய வேண்டும். பெறுமதியற்றது என்று சுடலையோரத்துத் தரவையைத் தானம் செய்யும் கொடையாளிகளுக்குக் கைகூப்பி நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

வாழ்பவர் ‘இல்லவாசி’ அல்லர், குடியிருப்பாளர். அவருக்கு எழுத்திலே உரிமை வேண்டும். வாடகை அவருடைய வருமானத்தில் ஐந்திலொன்றைத் தாண்டலாகாது என்பது நம் யோசனை. அமெரிக்காவிலே 1959 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் முதியோருக்கென ஒரு பிரிவு உண்டு. அதன்கீழ் உள்ள வீடுகளிலே வாடகை வருமானத்தில் நூற்றுக்கு 30 என்ற அளவில் நிற்கின்றது. நம்மவரின் 5,000 ரூபாவில் முப்பது வீதம் எடுத்தால் மீதி மருந்துக்கே போதாது. குத்தகைக் காலம் முடியும்போது அங்கே வாழ்பவர் இருந்தால், அதே தீவிலே ஒத்த வீடொன்று கொடுக்காமல் அவரை எழுப்பலாகாது என்ற நிபந்தனையும் உறுதியில் இருக்க வேண்டும்.

துணைக்கு ஆள் யார்? தீவகத்திலே வேலையின்றி இருக்கும் நம் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும்தான். முதியோரைத் தூக்கவும் குளிப்பாட்டவும் புண்ணைக் கவனிக்கவும் முறையாகப் பழக்கிச் சம்பளம் கொடுத்து வைத்தால் அது உத்தியோகம். இன்று அதே வேலையைச் செய்ய நம் பெண்கள் கடல் கடந்து போகின்றார்கள். அந்நியரின் தாயைப் பார்க்கச் சம்பளம் உண்டு. ஊரிலுள்ள தாயைப் பார்க்க ஆளில்லை.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டத்திலே எல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை அமைத்தது. சிறு வீடுகளிலே நூறு பேரளவில் முதியோர் வாழ்கின்றனர். கடல் கொண்டுபோனதன் பின்னே அமைந்த கிராமம் அது, நமக்கு அந்நியமானதன்று. சிங்கப்பூரோ 2021 இலே முதியோருக்கென ஒருவகைத் தொடர்மாடி வீட்டை விற்கத் தொடங்கியது. வீட்டை வாங்குபவர் அதனோடு பராமரிப்புச் சேவையையும் சேர்த்தே பெற வேண்டும் என்பது விதி. செல்வம் மிகுந்த நாட்டின் மாடிக் கட்டடம் நமக்கு வேண்டியதில்லை. வீட்டையும் துணையையும் பிரிக்கலாகாது என்ற அந்த ஒரு விதி வேண்டும்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வணிகரின் கதையையே சொல்கின்றோம். யேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலே யாக்கோப்பு புக்கர் என்ற பெருவணிகர் 1521 ஆம் ஆண்டு, ஊரின் வறியோருக்கெனச் சிறு வீடுகளின் தொகுதியொன்றை அறக்கொடையாக எழுதி வைத்தார். ஆண்டு வாடகை ஒரு பொன்; இன்றைய நாணயத்தில் 88 சதம் யூரோ. இன்றும் அதுவே வாடகை. 1944 இலே குண்டு விழுந்து பெரும்பகுதி அழிந்தது, மீளக் கட்டினார்கள். நிலைத்ததன் இரகசியம் அவர் கொடுத்த தொகையன்று. செலவுக்கு வருவாய் தரும் சொத்தையும் சேர்த்து எழுதிய உறுதிதான். இன்று அந்த அறக்கட்டளையின் வருவாயில் பெரும்பங்கு காட்டிலிருந்து வருகின்றது. நம்மவர் கட்டடத்துக்குக் கொடுப்பார். கல்வெட்டிலே பெயர் பொறிப்பார். மூன்றாம் ஆண்டு மின்கட்டணம் கட்ட ஆளிராது. கொடுக்கும்போது கட்டடத்துக்குப் பாதியும் அதன் நித்திய செலவுக்குப் பாதியுமாகக் கொடுங்கள். புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் கண்டியிலும் கடை நடத்திய சாமர்த்தியத்துக்கு இந்தக் கணக்கு பெரிதன்று.

புக்கரின் உறுதியிலே நாம் ஏற்க முடியாத ஒன்றும் உண்டு. அங்கே வாழ்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நம் தீவகத்திலே நயினாதீவில் நாகபூசணி அம்மனும் நாக விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. ஊர்காவற்றுறையிலே தேவாலய மணி ஒலிக்கின்றது. மத நிபந்தனை இங்கே செல்லாது. அதனினும் முக்கியமானது சாதி. இதனை மூடிப் பேசுவதிற் பயனில்லை. பொதுச் சமையற்கூடம், பொதுக் கிணறு என்று நாம் சொன்னவுடனேயே இந்த அவையிற் சிலரின் முகம் மாறியதைக் கண்டோம். 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் யாருக்கு வீடு, யார் சமைப்பது என்ற கேள்வியிலே எத்தனை நல்ல முயற்சிகள் குழுச்சண்டையாகிக் கலைந்தன என்பதை ஊரறியும். நயினாதீவிலே அமுதசுரபி அன்னதான மடத்தின் பந்தியில் பசியே தகுதி. ஒரு நாட் பந்திக்குச் சரியானது நாளாந்தப் பந்திக்கும் சரியானதுதான். தருமசாதனத்தின் முதற் பக்கத்திலேயே, சாதியோ சமயமோ வீடு கொடுப்பதற்கும் வேலை கொடுப்பதற்கும் தடையாகாது என்று எழுத வேண்டும். எழுத விரும்பாதவரின் காசு நமக்கு வேண்டாம்.

இடர்கள் இல்லையென்று நாம் மயக்க விரும்பவில்லை. பெரிய இடர் பிரிபடாத பங்கு. தேசவழமையின் வழியே முதுசமாக வந்த வீடொன்றுக்கு எட்டுப் பங்குகாரர். நால்வர் கனடாவில், இருவர் பிரான்சில், ஒருவர் இறந்து பிள்ளைகள் அறுவர், ஒருவரோடு மற்றவர் பேச்சில்லை. அவ்வளவு பேரின் கையெழுத்தையும் பெறுமுன் கூரை விழுந்துவிடும். பிரிவினை வழக்குப் போட்டாலோ வழக்குப் போட்டவரே முதியவராகி நம் வீட்டுக்கு விண்ணப்பிக்க நேரும். ஆகவே முதலில் ஒரே உரிமையாளர் உள்ள வீடுகளையே எடுக்க வேண்டும் என்பது நம் முடிவு. வெளிநாட்டிலுள்ளவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலே அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். ஆனால் அந்தத் தத்துவம் இந்த வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்க மட்டும் என்று குறுக்கி எழுதப்பட வேண்டும். முழுத் தத்துவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டையே இழந்தோரின் வழக்குகளை நாம் பார்த்திருக்கின்றோம்.

அரசாங்கத்தை விட்டுவிடுகின்றோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வீடமைப்பும், வலுவிழந்தோரின் புனர்வாழ்வும் நலனும் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தப்படி மாகாண சபைக்குரிய விடயங்கள். 2013 இலே நாம் தெரிந்த வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து, அதன் பின் ஆண்டுக்கணக்காக அதிகாரம் ஆளுநரிடமே கிடந்தது. வாக்களிக்க உரிமையுள்ள முதியவர், தம் வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் சபைக்கு வாக்களிக்க இடமின்றி ஆண்டுகளைக் கழித்தார். அந்தச் சபையைக் கேட்கும் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். நம் கைக்கெட்டிய தூரத்திலே ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகள் உள்ளன. 2025 மே மாதம் நாமே வாக்களித்துத் தெரிந்தவை. அவற்றிடம் மூன்றைக் கேட்கின்றோம். இத்தகைய வீடுகளுக்கு ஆதன வரி விலக்கு. தண்ணீர் பவுசர் முதலில் நிற்கும் இடம் இவ்வீடுகளின் வாசலாக இருத்தல். தனியார் வீட்டுப் படத்துக்கு அனுமதி வழங்கும்போதே, ஒரு வாசலாவது படியின்றி அமைக்கும்படி உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லுதல். மூன்றுக்கும் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கும் அளவு பெரிய செலவில்லை. கிராம அலுவலர் பிரிவு தோறும் தனித்து வாழும் முதியோரின் பெயர்ப்பட்டியலைப் பிரதேச செயலர்களிடம் கேட்டு எழுதுவோம். அப்பட்டியலோடு, 15 ஆம் பிரிவின்படி இவர்களுக்கு எங்கே வதிவிடம் என்று கேட்டு முதியோர் செயலகத்துக்கு எழுதுவோம். பதில் வராவிடின், மனுவோடு எந்த மன்றத்துக்குப் போவது என்பது நமக்குத் தெரியாத வழியன்று.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுச் சமையற்கூடம் ஒன்று நடக்கக் காசைவிட மரக்கறி முக்கியம். வேலணையிலே தோட்டம் செய்வோர் பத்துப் பேர் முறைவைத்துக் கிழமைக்கொரு கடகம் கொடுத்தால் ஆறு வீட்டுக் குடியிருப்பாளர் பசியாறுவர். முறை தவறாமை முக்கியம். திருவிழாக் காலத்திலே வண்டில் நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மாரியிலே மறந்துவிடுவது உதவாது.

குத்தகை உறுதியின் மாதிரி ஒன்றை எழுதி முடித்திருக்கின்றோம். அதன் பிரதிகள் செயலாளரிடம் உண்டு. தம் வீட்டை, அல்லது தாம் தத்துவம் வைத்திருக்கும் உறவினரின் வீட்டைத் தர விரும்புவோர் உறுதியின் பிரதியையும் தோம்புப் பதிவின் விபரத்தையும் கொண்டு வந்து பெயரைப் பதியலாம். எழுத்தில் ஏதுமின்றிப் பிறர் வீட்டிலே இருக்கும் முதியோரைப் பற்றி அறிந்தவர்களும் செயலாளரிடம் சொல்லிச் செல்லுங்கள். அவர்களுக்கான எழுத்து வேலையைக் கட்டணமின்றிச் செய்ய நம்மோடு இளஞ் சட்டத்தரணிகள் சிலர் முன்வந்துள்ளனர். இனிக் கேள்விகளைக் கேட்கலாம். நெடுந்தீவிலிருந்து வந்தோர் படகுக்குப் போக வேண்டியிருப்பதால் அவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.